இருநூற்றுப் பன்னிரண்டாவது எழுத்து

மஞ்சள் தப்பான பெயர் மேல் விழுந்திருந்தது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் பேட்டி அது. "மூத்தவன் சுப்பிரமணி, சின்னவன் இராமலிங்கம், சின்னவன் போன தையில தவறிட்டான்" என்று அவர்களுடைய அம்மா சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். 'இறந்தவர்' என்ற குறிப்பு இராமலிங்கத்தின் மேல் இருக்க வேண்டும். சுப்பிரமணியின் மேல் இருந்தது.

மணிமொழி அந்த அலுவலகத்தில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடி. ஊர் ஊராகப் பதிவு செய்த குடும்பக் கதைகளுக்குக் குறிப்பு போடும் வேலை. மூலக் கோப்பில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக்கூடாது. ஜனங்கள் சொன்னது சொன்னபடியே கிடக்க வேண்டும். குறிப்புகள் எல்லாம் தனிக் கோப்பில் இருக்கும், இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனையாவது எழுத்து வரை இன்ன குறிப்பு என்று. அந்த எண்ணைப் பார்த்துக் கணினி அங்கேயுள்ள சொல்லை மஞ்சளாக்கிக் காட்டும். போட்ட குறிப்பை அழிக்க முடியாது, கூட ஒன்று சேர்க்கத்தான் முடியும். உயிரோடு இருப்பவர்களுக்குக் குறிப்பே கிடையாது.

"மேடம், இது எப்படிங்க தள்ளிப் போச்சு?"

பக்கத்து மேசை ஹைமவதி எட்டிப் பார்த்தாள். அலுவலகத்துக்கு அவள்தான் பொறுப்பு. "லேப்டாப் வர்றதுக்கு முன்னாடி நீ பேப்பர்ல எண்ணிப் போட்டதா?"

"ஆமாங்க. முதல் வாரம்."

"அதான். 'மா'வ நீ ஒரு எழுத்துனு எண்ணியிருப்ப. சிஸ்டத்துக்கு அது ரெண்டு. ம தனி, கால் தனி. உன் நம்பர் எல்லாம் முன்னாடியே போய் உக்காந்துடும்." ஹைமவதி சிரித்தாள். "ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சத இங்க மறந்துடணும். அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு, சரியான குறிப்ப சேத்துடு." பையை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

மணி மூன்றரை. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடி ஓடி நின்றது. சுட்ட மையின் வாடை மாடிப்படி வழியாக ஏறி வந்தது, வெயில் ஜன்னல் கம்பியைத் தரையில் கோடு கோடாகப் போட்டிருந்தது, கம்பிக்கு அப்பால் மலை எப்போதும்போல் சும்மா உட்கார்ந்திருந்தது. மணிமொழி பேட்டிப் படிவத்தில் இருந்த போன் எண்ணை அழுத்தினாள்.

எடுத்தவுடன் மல்லாட்டைக் கடலை உடைக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"வணக்கங்க, குடும்பக் கதை எடுக்குற ஆபீஸ்லேருந்து பேசுறேன். சுப்பிரமணி அண்ணன் இருக்காருங்களா?"

"அண்ணன் நேத்து தவறிட்டாருங்க நல்லாதான் இருந்தாரு கொல்லைக்குப் போனாரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றது ஆண் குரல். ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூச்சே இல்லாமல் சொன்னது.

"நீங்க யாருங்க?"

"தம்பிங்க. இராமலிங்கம்."

படக்கென்று வைத்துவிட்டாள். காது மடல் சில்லிட்டிருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள், நினைப்பு நிற்கவில்லை. முதல் வாரத்தில் கையால் எண்ணிப் போட்டது மொத்தம் பதினொரு கோப்பு. பத்து யாருடையதோ. பதினொன்றாவது, பழகிப் பார்க்கலாம் என்று அவள் தன் அம்மா ராணியம்மாளிடமே எடுத்த பேட்டி.

திறந்தாள்.

'பேத்தி கவிநிலா இப்பதான் ஒண்ணாவது போறா. மருமகன் மாறன் செங்கம் ரோட்டுல லாரி அடிச்சி மூணு வருஷமாச்சு.' மாறன் வெறுமனே இருந்தான். கவிநிலா மஞ்சளாக இருந்தாள். குறிப்பு: இறந்தவர். இருநூற்றுப் பன்னிரண்டாவது எழுத்திலிருந்து.

ஐயோ, என் கையால். நானே எண்ணினேன்.

குறிப்பை அழிக்கப் பார்த்தாள். அழியவில்லை. மூலத்தில் பெயருக்கு முன்னால் நாலு வெற்றிடம் தட்டினால் மஞ்சள் நழுவிவிடும் என்று தோன்றியது, தட்டினாள். 'இந்தக் கோப்பைத் திருத்த உங்களுக்கு அனுமதி இல்லை.' மறுபடி தட்டினாள். மறுபடி அதே வரி.

கைப்பேசி அடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆயா, ஜோதியம்மாள்.

"கவிநிலா அம்மாங்களா? வேன்காரரு காத்துக்கினு இருக்காரு. பாப்பாவ அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாருனு சொல்லி அனுப்பிடட்டுங்களா?"

அவள் திரையிலிருந்த மஞ்சளையே பார்த்தாள். ஜோதியம்மாள் இரண்டு தரம் அலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வைத்ததும் திரும்ப அடித்தது. எண் இல்லாத அழைப்பு.

"மணி, நான்தான் பாப்பா தூங்கிட்டா தோள்ல போட்டுக்கினு வரேன் டீக்கு வடை வாங்கட்டுமா."

மூன்று வருஷம். அந்தக் குரலுக்காகத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்த மூன்று வருஷம். மாறன் பெயர் மேல் ஒரு குறிப்பு சேர்த்தால் போதும், அவன் போய்விடுவான். பிள்ளையை எங்கும் கொண்டுபோக முடியாது. விரல் விசைப்பலகை மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வாங்கு என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது.

"பாப்பா முழிச்சிருக்காளா?" என்றாள்.

"கண்ணு தொறந்துதான் இருக்கு."

கீழே செருப்புச் சத்தம். படியில். இரண்டிரண்டு படியாக. அவன் அப்படித்தான் ஏறுவான்.

இந்தத் தடவை ம தனி. கால் தனி. உதட்டை அசைத்து எண்ணினாள். எண்ணைத் தட்டினாள். இறந்தவர். சேர்.

செருப்புச் சத்தம் நின்றது. போனில் ஒன்றுமில்லை. திரையில் மாறன் மஞ்சள்.

கவிநிலாவும் மஞ்சள். போட்டது போட்டபடி.

"கவி?" என்றாள். போய்க் கதவைத் திறந்தாள்.

படியில் யாரும் இல்லை. ஓர் ஆளின் தோள் உயரத்தில், ஒன்றுமில்லாததன் மேல் கன்னத்தை வைத்துக் கவிநிலா குப்புறக் கிடந்தாள். கைகள் இரண்டும் தொங்கின. கண்கள் திறந்திருந்தன. கழுத்திலிருந்த பள்ளி அட்டை மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, மஞ்சள் நாடாவில்.