மோப்பிக்குத் தெரியக் கூடாதது

மோப்பி வந்த பிறகு புன்னையாற்றில் யாருக்கும் காய்ச்சலில் படுக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. உடம்பு சுடுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நர்ஸ் கிளாரா மாத்திரையோடு வாசலில் வந்து நின்றுவிடுவார். "எனக்கு ஒண்ணுமில்லையே சிஸ்டர்" என்பார்கள். "நாளன்னைக்கு இருக்கும், இப்பவே போடுங்க" என்பார் கிளாரா.

அரசுக் கோப்புகளில் அதன் பெயர் கழிநீர் நலவுணரி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒவ்வொரு வீட்டின் கழிவுக்குழாயும் தெருக்குழாயோடு சேரும் இடத்தில் அதைப் பொருத்தியிருந்தார்கள். வீட்டிலிருந்து போகும் நீரில் என்ன கிருமி இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு, எந்த மருந்தின் தடயம் என்று பார்த்து மாவட்ட நலமையத்துக்குச் சொல்லிவிடும். அவ்வளவு நீளப் பெயரை வாயில் வைத்துக்கொண்டிருக்க ஜனங்களுக்குப் பொறுமை ஏது? மோப்பி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஆறு வருடத்தில் மாநிலத்தில் காலராவும் டைபாய்டும் மருத்துவ மாணவர்கள் பாடத்தில் மட்டும் படிக்கிற விஷயங்களாகிவிட்டன.

இப்படி எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதுதான் புன்னையாற்றுத் தொகுதி உறுப்பினர் மங்கையர்க்கரசி சட்டப்பேரவையில் ஒரு கேள்வி கேட்டார்.

அவர் ஆளுங்கட்சிக்காரர். பேரவைக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்தால் முதலில் இரண்டு நிமிடம் நன்றி சொல்ல வேண்டும், பிறகு பாலமோ பேருந்து நிலையமோ கேட்டு, 'அரசு ஆவன செய்யுமா' என்று முடிக்க வேண்டும். அதுதான் வழக்கம். அன்றைக்கு மங்கையர்க்கரசி நன்றியை ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பேரவைத் தலைவருக்கே ஆச்சரியம்.

"எங்கள் ஊரில் கோதண்டம் என்று ஒரு பேருந்து நடத்துநர். அவர் வீட்டு மோப்பியில் காசநோய் தெரிந்திருக்கிறது. நல்லது, மருந்து கொடுத்தார்கள், குணமும் ஆகிவிட்டது. ஆனால் அவருக்குச் சொல்வதற்கு முன்னாலேயே பச்சை நிற நலவண்டி அவர் வாசலில் போய் நின்றது. தெருவே பார்த்தது. இன்றுவரை அவர் கையால் டிக்கெட் வாங்க ஆள் யோசிக்கிறது. தன் உடம்பைப் பற்றிய சேதி அரசுக்கும் தெருவுக்கும் தெரிந்து, தனக்குக் கடைசியாகத் தெரிவது மனித உரிமை மீறல் இல்லையா? மோப்பி கண்டறிவது எதுவானாலும் முதலில் அந்தந்தக் குடும்பத்துக்குத் தெரிவிக்க அரசு ஆவன செய்யுமா?"

மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் இளம்பரிதி எழுந்தார். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு: 'தகவல்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன.' பன்னிரண்டு வருடத்தில் மங்கையர்க்கரசி அந்தப் பதிலை எத்தனை அமைச்சர்களிடமிருந்து கேட்டிருப்பார் என்று கணக்கே இல்லை. அதைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அன்றைக்கு எதிர்க்கட்சி வரிசையும் சேர்ந்து மேசையைத் தட்டியது. அமைச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

எப்படித் தெரிவிப்பது என்ற யோசனையையும் மங்கையர்க்கரசியே கொடுத்தார். பன்னிரண்டு வருடம் வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர். அவருக்கு ஊர் என்றால் குடும்பங்கள், குடும்பம் என்றால் ஒரு குடும்ப அட்டை. வெள்ள நிவாரணமும் பொங்கல் தொகுப்பும் அட்டைக்கு ஒன்று என்றுதானே கொடுத்துப் பழக்கம். "அட்டையில் பதிவாகியிருக்கும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்" என்றார். அதில் யாருக்கும் ஒரு குறையும் தோன்றவில்லை. முதலில் உறுப்பினர்களின் வீடுகளில் சோதனை ஓட்டம், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மாநிலம் முழுக்க என்று முடிவானது.

ஒன்றரை மணி நேரத்தில் ஊருக்குக் கொண்டுவந்து விடும் விரைவு ரயிலில் மங்கையர்க்கரசி நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இதுவரை வாங்கிக் கொடுத்த பாலம் எதற்கும் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

*

திங்கட்கிழமை காலை. இட்லித் தட்டின் முன்னால் அவருடைய கணவர் அறவாழி கைப்பேசியைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். எதையும் ஒருமுறை மனதுக்குள் படித்துவிட்டு மறுமுறை சத்தமாகப் படிப்பார்.

"இல்ல எண் பதினேழு. கிருமிகள் இல்லை. சர்க்கரை அளவு அபாய எல்லைக்கு மேல். குறிப்பாக வெள்ளி, சனி, ஞாயிறு."

மங்கையர்க்கரசி சட்னியில் மும்முரமாக இருந்தார்.

"எனக்குச் சர்க்கரை இல்ல, மங்கை" என்றார் அறவாழி.

"மிஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"நீதானே சபையில சொன்ன, மிஷின் பொய் சொல்லாதுன்னு. வெள்ளிக்கிழமை எத்தனை ஜாங்கிரி?"

"ஏங்க, ரெண்டு. தொண்டர் வீட்டுக் கல்யாணம், வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க."

"சனிக்கிழமை யாருக்குக் கல்யாணம்?"

மாநிலத்தையே கேள்வி கேட்கிற பெண்மணி இன்னொரு கரண்டி சட்னி ஊற்றிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. பிடிபட்டதில் வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், அதைவிட அவரை உறுத்தியது வேறு. சேதி தன் உடம்பைப் பற்றியது, ஆனால் அது வந்தது கணவரின் கைப்பேசிக்கு. அட்டை எடுத்த காலத்தில் வரிசையில் நின்றவர் அறவாழி, அதனால் அவருடைய எண். முப்பத்திரண்டு வருடமாக யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை.

வாசலில் யாரோ அழைத்தார்கள். கடைத்தெரு மிட்டாய்க் கடைக்காரர் வீட்டு மருமகள் யமுனா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உள்ளே வந்து, அறவாழி எழுந்து தோட்டத்துப் பக்கம் போகும் வரை பேசாமல் நின்றாள்.

"அம்மா, ஒண்ணாந்தேதிலேர்ந்து எங்க வீட்டுக்கும் மெசேஜ் வருமா?"

"எல்லா வீட்டுக்கும்தான் யமுனா. இனிமே நமக்குத் தெரியாம எவனும் நம்மளப் பத்தித் தெரிஞ்சுக்க முடியாது."

"மருந்து சாப்பிட்டா அதுவும் வருமா?"

"எல்லாமே வரும்" என்று பெருமையாகச் சொன்ன மங்கையர்க்கரசி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

யமுனா உட்காரவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கு ரெண்டும் பொண்ணும்மா. ஆம்பளைப் புள்ள வேணும்னு வீட்ல ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. ரெண்டாவது பிரசவத்துலேயே நான் பொழைச்சது பெரிசு. இன்னொண்ணு தாங்காதுன்னு கிளாரா சிஸ்டர்தான் மாத்திரை குடுக்கிறாங்க. மூணு வருஷமா சாப்பிடுறேன். அவருக்கும் தெரியாது. கார்டுல எங்க மாமனார் நம்பர். அவர் எந்த மெசேஜ் வந்தாலும் கடையில எல்லாரும் கேக்குற மாதிரிதான் படிப்பாரு."

"இத்தனை நாளா மோப்பி அதக் காட்டிக் குடுக்கலையா?"

"சிஸ்டருக்கு மோப்பி சொல்லும்ல. அவங்க பாத்துட்டு வாய மூடிக்குவாங்க. இதுவரைக்கும் நிம்மதியா இருந்துச்சும்மா."

அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் மங்கையர்க்கரசிக்குத் தாங்கவில்லை. அரசாங்கம் மூன்று வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்த ரகசியத்தை, மனித உரிமை என்ற பெயரில் மிட்டாய்க் கடையில் உரக்கப் படிக்க ஏற்பாடு செய்தது வேறு யாருமல்ல, அவர்தான். ஒரு வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு குழாய்க்கு ஒரு அட்டை, ஒரு அட்டைக்கு ஒரு ஆள் என்று எண்ணிக்கொண்டு போனாரே தவிர, அந்த வீட்டுக்குள் ஐந்து பேர் இருப்பார்கள் என்பது ஓட்டு எண்ணும்போது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றார். "நீ போய் வேலையப் பாரு. நான் பேசிக்கிறேன்."

*

புதன்கிழமை சோதனை ஓட்டத்தைப் பற்றிய வினா பட்டியலில் இருந்தது. மாபெரும் வெற்றி என்று அமைச்சர் பதிலளித்தார். ஒரு வினாவுக்கு ஒரு உறுப்பினர் இரண்டு துணைக் கேள்விகள்தான் கேட்கலாம். மங்கையர்க்கரசி கையை உயர்த்தினார்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, இந்தக் குறுஞ்செய்தித் திட்டத்தை நிறுத்த அரசு ஆவன செய்யுமா?"

அவையில் சலசலப்பு. "உறுப்பினர் கேட்டு வாங்கிய திட்டம்தானே இது?" என்றார் பேரவைத் தலைவர்.

"ஆமாம், தப்பு என்னுடையது."

அப்படி ஒரு வாக்கியம் அந்த அவையின் குறிப்பேட்டில் அதற்கு முன் பதிவானதில்லை. காரணம் என்ன என்று அமைச்சர் கேட்டார். யமுனாவைச் சொல்ல முடியாது. பேரைச் சொல்லாமல் சொன்னாலும் புன்னையாற்றில் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மங்கையர்க்கரசி தன்னிடம் கைவசம் இருந்த ஒரே சான்றை எடுத்து வைத்தார்.

"நான் சர்க்கரை நோயாளி. வீட்டுக்குத் தெரியாமல் ஜாங்கிரி சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை இரண்டு, சனி மூன்று, ஞாயிறு மூன்று. என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை இட்லிக்கு முன்னால் அதைப் படித்துக் காட்டினார். என்னுடைய உடம்பு, அவருடைய கைப்பேசி."

அவை குலுங்கிச் சிரித்தது. நேரலையில் மாநிலமே சிரித்திருக்கும். அவர் சிரிப்பு அடங்கும் வரை நின்றார். "என் வீட்டில் ஜாங்கிரியோடு போயிற்று. எல்லா வீட்டிலும் அப்படிப் போகாது. சில வீடுகளில் அடி விழும்."

அமைச்சர் இளம்பரிதி கெட்டிக்காரர். பின்னால் அதிகாரிகள் வரிசையிலிருந்து வந்த துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு முகமலர்ச்சியோடு எழுந்தார். "உறுப்பினரின் கவலை நியாயமானது. அவரவர் சேதி அவரவருக்கு மட்டும் போக வேண்டும் என்றால், எது யாருடையது என்று நலவுணரிக்குத் தெரிய வேண்டும். எனவே மாநிலத்தின் ஒவ்வொரு குடிமகனும் நியாயவிலைக் கடையில் தன் எச்சில் மாதிரியைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்யப்படும். அதன்பின் யார், எப்போது, எதைச் சாப்பிட்டார் என்பது அரசுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்."

இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். மங்கையர்க்கரசி மட்டும் தட்டவில்லை. முதல் கேள்வியில் வீட்டை எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இரண்டாவதில் ஆளையே எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்தார். இன்னும் ஒரே ஒரு துணைக் கேள்விதான் பாக்கி. அதையும் தப்பாகக் கேட்டால் யமுனாவின் மாத்திரை அவள் பெயரோடு கோப்பில் ஏறிவிடும்.

அவர் அவசரப்படவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"மோப்பி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் நோயை மட்டும் பார்க்கட்டும். மற்ற எதையும், சர்க்கரையையும் மருந்தையும், அது அறியாமலே விட்டுவிட அரசு ஆவன செய்யுமா? யாருக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிய வேண்டுமோ அவர் நர்ஸிடம் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்."

அமைச்சர் கோப்பைப் புரட்டினார். அரசு இன்னும் அதிகமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. குறைவாகத் தெரிந்துகொள்ளச் சொல்லி யாரும் கேட்டதில்லை. துண்டுச்சீட்டும் வரவில்லை. "இது குறித்துத் தகவல்கள்..." என்று ஆரம்பித்தார்.

"மாண்புமிகு அமைச்சர் வீட்டுக்கும் திங்கட்கிழமை குறுஞ்செய்தி வந்திருக்கும்" என்றார் மங்கையர்க்கரசி அமைதியாக. "அது யாருடைய கைப்பேசிக்கு வந்தது என்று நான் கேட்க மாட்டேன். அதை இங்கே படித்துக் காட்டவும் சொல்ல மாட்டேன். அது என் உரிமையில்லை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் மேல்துண்டைச் சரிசெய்தார். எதிர்க்கட்சிக் கொறடா மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் திங்கட்கிழமை காலை என்னென்ன நடந்தது என்பது அந்த மௌனத்தில் நன்றாகவே தெரிந்தது. அமைச்சர் கோப்பை மூடினார்.

"ஆவன செய்யப்படும்" என்றார்.

*

முதல் தேதி எல்லா வீடுகளுக்கும் ஒரே மாதிரிக் குறுஞ்செய்தி போனது. மிட்டாய்க் கடைக்காரர் அதை வழக்கம்போல் கடையில் உரக்கப் படித்தார்: 'உங்கள் இல்லத்தில் பரவும் நோய் எதுவும் இல்லை.' இதைச் சொல்லவா ஒரு மெசேஜ் என்று சலித்துக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனித்தார். உள்ளே பாகு கிண்டிக்கொண்டிருந்த யமுனா அடுப்பைக் குறைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்றாள்.

கிளாராவின் நலமையத்தில் இப்போது வரிசை நிற்கிறது. தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே வாயைத் திறந்து சொல்ல வருகிறவர்களின் வரிசை. மோப்பி சொல்லாததை எல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் தனக்குக் காது வலிக்கிறது என்று கிளாரா சொன்னாலும், முகத்தில் வருத்தம் இல்லை.

அந்த முதல் தேதி மாலை மங்கையர்க்கரசி வீட்டுக்கு வந்தபோது கைப்பையோடு நூல் சுற்றிய ஒரு பொட்டலமும் இருந்தது. யமுனா கொடுத்தது. பொட்டலத்தின் எண்ணெய்க் கறையை அறவாழி பார்த்தார். கைப்பேசியை எடுத்து அன்றைய சேதியை மனதுக்குள் ஒருமுறையும் சத்தமாக ஒருமுறையும் படித்தார்.

"பரவும் நோய் எதுவும் இல்லை. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார் மங்கையர்க்கரசி. நெஞ்சு நிறைய ஒரு திருப்தி. "இனிமே மிஷின் சொல்லாது."

"அப்ப உங்கிட்டதான் கேக்கணும்" என்றார் அறவாழி. கைப்பேசியை வைத்துவிட்டு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வர்ற வழியில எத்தனை சாப்பிட்ட?"

மங்கையர்க்கரசி பொட்டலத்தைப் பார்த்தார். பத்து இருந்த இடத்தில் இப்போது எத்தனை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவையில் நிற்பதுபோலவே நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார்.

"தகவல்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன."