சேர்ந்தால் முறைத்துக்கொண்ட ஸ்பீக்கர்கள்

அவளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பம்பரம்'தான். சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலில் இருக்கும். ஆனால், அன்று அவளைவிட அதிகமாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்பா.

கூடத்தில் ஒரு நல்ல ஸ்டீரியோ வைத்துப் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. புதிது வாங்கினால் கையைக் கடிக்கும். அதனால் பழையதாகத் தேடித் தேடிச் சேர்த்தார். ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், ஒரு ஸ்பீக்கர் மூன்றும் பழைய சாமான் கடையில் கிடைத்தன. இன்னொரு ஸ்பீக்கர், இழுத்து மூடப்போன ஒரு சலூனில் கிடைத்தது. எல்லாவற்றையும் துடைத்து மாட்டியது அப்பாவும் பம்பரமும்தான்.

பாட்டு வந்தது. டிரம் சத்தத்தைத்தான் காணோம்.

"பாடுறவங்க கிணத்துக்குள்ள நின்னு பாடுறாங்களா?" என்று அம்மா கேட்டார்.

அப்பா ஒயரைக் கழற்றினார், மாட்டினார், தலையைச் சொறிந்தார். மறுபடி கழற்றினார். கடைசியில் வெறுத்துப்போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணே, எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்க!"

"சாயங்காலம் வண்டியோட வரேன்" என்றார் கடைக்காரர்.

பம்பரத்துக்கு அழுகை முட்டியது. இது போய்விட்டால் அப்பா இனி எதற்கும் ஆசைப்படவே மாட்டார் என்று தோன்றியது.

அப்பா நடு நாற்காலியில் உட்கார்ந்து, கடைசியாக ஒருமுறை பாட்டுப் போட்டார். "கொஞ்ச நேரம் ஒரு இடத்துல உட்காரேன்டி!"

அவளால் முடியவில்லை. இடது ஸ்பீக்கரிடம் போனாள். 'தும் தும்' என்று டிரம் கேட்டது. வலது ஸ்பீக்கரிடம் ஓடினாள். அங்கேயும் 'தும் தும்'. அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். டிரம் சத்தமே இல்லை!

"அப்பா, தனித்தனியா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. சேர்ந்தாத்தான் ஒத்துப்போகல!"

"நீயும் உங்கம்மாவும் மாதிரியா?"

"எனக்குக் காது கேட்குது!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பழைய ஸ்பீக்கர் வாங்கப் போனால், அப்பா முதலில் ஒரு சின்ன பேட்டரியை அதன் ஒயரில் தொட்டுப் பார்ப்பார். 'டப்' என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

"அதே மாதிரி இப்ப பார்க்கலாமாப்பா?" என்றாள் பம்பரம்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயர்களைக் கழற்றினார்கள். ஸ்பீக்கர்களின் முன்வலையையும் எடுத்தார்கள். அப்பா பேட்டரியைத் தொட்டார். 'டப்!' உள்ளே இருந்த கறுப்புக் கூம்பு வெளியே துள்ளியது. சலூனிலிருந்து வந்த ஸ்பீக்கரிலும் அதேபோல் தொட்டார். 'டப்!' அப்பா காதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தார். பம்பரமோ கண் கொட்டாமல் பார்த்தாள்.

"அப்பா! இது உள்ளே போகுது! அது தள்ளும்போது இது இழுக்குது!"

"சிவப்பு ஒயரைச் சிவப்பு முனையிலதானே மாட்டினேன்?" என்று விழித்த அப்பா, நெற்றியில் அடித்துக்கொண்டார். "சலூன்ல யாரோ ரிப்பேர் பண்ணி, உள்ள ஒயரை மாத்தி வச்சிருக்காங்க. அதான் ஒண்ணு தள்ளுற டிரம் சத்தத்தை இன்னொண்ணு இழுத்து அழிச்சிடுது. நான் சத்தம் வருதான்னு கேட்டேனே தவிர, எந்தப் பக்கம் அசையுதுன்னு பார்க்கவே இல்ல!"

சலூன் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் போதும். பம்பரத்தின் விரல்கள் துறுதுறுத்தன. ஆனாலும் அவள் ஸ்க்ரூடிரைவரை அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்களே மாட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அவசரத்தில் அப்பாவின் கையிலிருந்து ஒயர் நழுவியது. மறுபடி பிடித்து முறுக்கினார்.

"சீக்கிரம்ப்பா!"

பாட்டு தொடங்கியது. கூடத்தின் நட்டநடுவில் 'தும் தும்' என்று டிரம் வந்து இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாடகி பக்கத்தில் நின்று பாடுவதுபோல் இருந்தது. அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து அப்படியே நின்றுவிட்டார்.

தோளில் கயிற்றுச் சுருளோடு கடைக்காரர் உள்ளே வந்தார். "எதை முதல்ல எடுத்துட்டுப் போகணும்?"

அம்மா ஸ்பீக்கரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"ஷ்ஷ்! வந்த வண்டியை எடுத்துட்டுப் போங்கண்ணே. ஆனா, இந்தப் பாட்டு முடிஞ்சதும் போங்க!"