ஏழாவது மெசேஜ்

மறுமுனையில் மணி அடித்தது.

அடிக்கவே கூடாத மணி!

வெங்கடரமணன் ரிசீவரை ஒரு தரம் முறைத்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தார். ட்ரிங்... ட்ரிங்... பழங்காநத்தத்தில் ரவிசங்கர் வீட்டு டெலிபோன் சாவகாசமாக அடித்துக் கொண்டிருந்தது.

2003, ஏப்ரல். காலை மணி பத்து நாற்பது.

ரவிசங்கர் இப்போது இன்டர்நெட்டில் இருக்கிறான். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் அவன் பெயரில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. அவன் வீட்டில் இருப்பதோ ஒரே டெலிபோன் லைன். இன்டர்நெட்டும் அதில்தான், பேச்சும் அதில்தான். அவன் உள்ளே இருந்தால் வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு எங்கேஜ்டு டோன்தான் கேட்க வேண்டும்.

வெங்கடரமணனுக்கு இது தினசரி வழக்கம். தன் இணைப்பைத் துண்டித்துவிட்டு அவன் நம்பரை அழுத்துவார். எங்கேஜ்டு என்றால் எதிரி பதில் தட்டிக் கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். திருப்தியாக வைத்துவிடுவார்.

இன்றைக்கு மெசேஜும் வருகிறது... மணியும் அடிக்கிறது!

"இது எப்படி?" என்று வாய்விட்டே கேட்டார் அந்த ரிட்டயர்டு வாத்தியார். செல்லூர் வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது.

ஆனால் ஒருவர் இருந்தார்.

வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய ஸ்டெபிலைசர் அவருடைய பின்மண்டையில் இறங்கியது. முட்டு போன கதவு தானாகச் சாத்திக் கொண்டது.

*

பதினொன்றேகாலுக்கு வேலைக்கு வந்த செல்லத்தாய் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் மைக்கேல்ராஜ் வந்தபோது ரிசீவர் தொங்கிக் கொண்டிருந்தது. வீட்டில் ஒரு பொருள் களவு போகவில்லை. ஸ்டெபிலைசர் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. மேலதிகாரியோ போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். பகல் திருடன், ஆளைப் பார்த்ததும் அடித்துவிட்டு ஓடிவிட்டான், சாயங்காலத்துக்குள் ஃபைலை முடி என்றார்.

மைக்கேல்ராஜுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. துடைத்துவிட்டு ஓடுகிற அளவுக்குப் பொறுமைசாலித் திருடனை அவர் பதினெட்டு வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை.

ரீடயல் பட்டனை அழுத்தினார்.

"ஹலோ... ரவிசங்கர் வீடு" என்றது ஒரு பெண் குரல்.

*

கிளம்புவதற்கு முன் வாத்தியாரின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். திறந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

'வைகைக்கரை' என்று ஓர் இணைய மன்றம். இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். போன டிசம்பரில், 'ஈராக் மீது போர் தேவையா?' என்று வாத்தியார் கேட்டிருந்தார். தேவை என்று ரவிசங்கர் பதில் போட்டிருந்தான். அங்கே பிடித்தது சனி. மூவாயிரத்துக்கு மேல் மெசேஜ்!

ஜனவரியில் ஈராக்கின் எண்ணெய். பிப்ரவரியில் ரேஷன் கடை பாமாயில். அப்புறம் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் யார் என்ற சண்டை. மார்ச்சில் நிஜமாகவே குண்டு விழுந்தபோது இவர்கள் இருவரும் பெண்டாட்டி வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதில் இருந்தார்கள். பாக்தாத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று வாத்தியார் எழுதிய கடைசி மெசேஜில் மைக்கேல்ராஜின் கண் நின்றது.

'திரு. ரவிசங்கர், சர்வாதிகாரிகள் பாக்தாத்தில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டில் நீங்கள் செய்த ஒரு காரியம் எனக்குத் தெரியும். நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு இங்கே எழுதுவேன்.'

மணி இப்போது பன்னிரண்டரை. பன்னிரண்டு மணிக்குப் போட வேண்டிய மெசேஜ் போகவே இல்லை. எழுதி வைத்தது மட்டும் கம்ப்யூட்டரில் இருந்தது. படித்தார். பிரின்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்துக் கொண்டார்.

*

ரவிசங்கர் மாடி வீட்டில் பனியனோடு உட்கார்ந்து வியர்க்காமல் பேசினான். நாற்பது வயது, முன் வழுக்கை. எதைக் கேட்டாலும் முதல், இரண்டாவது, மூன்றாவது என்று விரல் மடக்கினான்.

காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மன்றத்தில் ஆறு மெசேஜ் போட்டிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் நேரம் பதிவாகியிருக்கிறது. வாத்தியார் அடிபட்ட நேரத்தில் வாத்தியாரோடுதான் வாதாடிக் கொண்டிருந்தான்.

"இதைவிட ஒரு மனுஷன் என்ன சாட்சி குடுக்க முடியும் சார்?"

சுவரோரம் நின்ற மனைவி ஹம்சவேணி, அவர் சொல்வது சரிதான் என்றாள். சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

மைக்கேல்ராஜ் அவனுடைய கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். ஏட்டு சோணை மானிட்டரைக் கட்டிப்பிடித்துக் கொண்டு படியிறங்கினார். கீழ்ப் போர்ஷன் ஒச்சம்மாள் வழிமறித்தாள்.

"அந்தப் போனையும் தூக்கிட்டுப் போங்க சார். காலையில அம்புட்டு நேரம் அடிக்குது, எடுக்க நாதியில்ல. நாடகத்துல ஒரு வார்த்தை காதுல விழல."

மைக்கேல்ராஜ் நின்றார்.

"எத்தனை மணிக்கும்மா?"

"பத்தரை நாடகம் பாதியில. இருபது தடவையாவது அடிச்சிருக்கும்."

மைக்கேல்ராஜுக்கு வீட்டில் ஜெனிஷா என்று ஒரு மகள். அவள் இன்டர்நெட்டில் உட்கார்ந்துவிட்டால், சாப்பாட்டுக்கு வாரேன் என்று சொல்லக்கூட அவரால் வீட்டுக்குப் போன் போட முடியாது. ஒரு வருஷமாக எங்கேஜ்டு டோன் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர்.

போன் அடித்தால் அந்த வீட்டில் இன்டர்நெட் இல்லை!

ஆனால் இது போதாது. நடுவில் லைன் கட்டாகிவிட்டது, கீழே தண்ணீர் குடிக்கப் போனேன் என்று விரல் மடக்குவான். மைக்கேல்ராஜ் செல்லூருக்குத் திரும்பிப் போய், காலையில் ரவிசங்கர் பெயரில் வந்த மெசேஜ்களை எண்ணினார்.

ஏழு இருந்தன.

ஏழாவதைப் படித்தார். அப்புறம் டிசம்பரிலிருந்து அவன் எழுதியது அத்தனையும் படித்தார். தலை வலித்தது. நான்கு மணிக்கு எழுந்தபோது சிரித்துக் கொண்டிருந்தார்.

*

சாயங்காலம் ஐந்து மணி. மறுபடியும் மாடி வீடு.

மைக்கேல்ராஜ் சாவகாசமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டார். ரவிசங்கர் சொன்னது எல்லாம் சரியாக இருக்கிறது, நேரமெல்லாம் அப்படியே பதிவாகியிருக்கிறது என்றார். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டோம் என்றார்.

ரவிசங்கர் பேனாவை எடுத்தான்.

"காலையில ஏழு மெசேஜும் நான்தான் போட்டேன்னு எழுதிருங்க."

"ஆறு சார்."

"ஏழு."

ஒரு தாளை நீட்டினார். ரவிசங்கர் படித்தான்.

'சார், தப்பு என் மேல்தான். மூவாயிரம் மெசேஜ் எழுதியும் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டு விஷயத்திலும் நீங்கள் சொன்னதுதான் நியாயம். ஹம்சாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறேன்.'

நேரம், பதினொன்று ஒன்பது.

காலையிலிருந்து வியர்க்காதவனுக்கு இப்போது வியர்த்தது.

மைக்கேல்ராஜ் குரலை உயர்த்தவில்லை. இதை எழுதியது நீங்கள் என்றால், பதினொன்று ஒன்பது வரை நீங்கள் இந்த நாற்காலியில்தான் இருந்தீர்கள், கேஸ் முடிந்தது என்றார். இல்லை என்றால் உங்கள் பெயரில் வேறு யாரோ தட்டியிருக்கிறார்கள், மற்ற ஆறும் யார் கை என்று பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

"நல்லா யோசிங்க. அவசரமில்ல. மன்றத்துல எல்லாரும் படிச்சிட்டாங்க. முப்பத்தெட்டு பேரு உங்களைப் பாராட்டி எழுதியிருக்காங்க... கடைசியில வாத்தியார்தான் ஜெயிச்சாருன்னு."

ரவிசங்கர் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஒரு கையெழுத்து. தலை தப்பித்துவிடும். அது அவனுக்கும் தெரியும். பேனா தாளுக்கு அரை அங்குலம் மேலே நின்றது.

வாத்தியார்தான் ஜெயிச்சாரு...

"மன்னிப்பா? நானா? அந்த ஆளுகிட்டயா?" பேனா சுவரில் போய் விழுந்தது. மனைவி பக்கம் திரும்பினான். "நான் எழுதிக் குடுத்தது ஆறுதானடி!"

என்ன சொன்னோம் என்று அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

ஹம்சவேணி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"ஆறு உங்களோடது. ஏழாவது என்னோடது."

அப்புறம் மைக்கேல்ராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் அவன் ஒரு தாளையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, பஸ் ஸ்டாப் பக்கம் இருக்கிற நெட் சென்டருக்கு அனுப்பியிருக்கிறான். தனக்கு வெளிவேலை இருக்கிறது, பதில் நின்றால் பயந்து ஓடிவிட்டேன் என்று கிழவன் எழுதுவான், பத்து நிமிஷத்துக்கு ஒன்றாகப் போடு என்றிருக்கிறான். உலையை இறக்கி வைத்துவிட்டு அவள் போயிருக்கிறாள். வாத்தியாருக்கு அடிபட்டது தெரிந்தபோது, வாயைத் திறந்தால் நீயும்தான் உள்ளே போவாய் என்று மிரட்டியிருக்கிறான்.

"தாள்ல இருந்ததெல்லாம் முடிஞ்சுபோச்சு சார். சென்டர்ல குடுத்த காசுக்கு இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. பதினாலு வருஷமா இவர் வாயில வராத வார்த்தை, இவர் பேருக்குக் கீழ எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு தோணுச்சு."

மைக்கேல்ராஜ் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் பன்னிரண்டு மணிக்கு எழுத இருந்தது.

போன ஜூன் மாதம், வாத்தியார் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து ஹம்சவேணிக்கு ஆசிரியை வேலைக்கான ஆர்டர் ரிஜிஸ்தர் தபாலில் வந்திருக்கிறது. ரவிசங்கர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறான். தன் மனைவிக்கு விருப்பமில்லை என்று பதிலும் எழுதியிருக்கிறான்.

அவள் இரண்டு தரம் படித்தாள். தாளை நாலாக மடித்தாள்.

"எடம் கிடைக்கலைன்னு சொன்னீங்க" என்றாள். "எனக்குத் தகுதி பத்தலைன்னு நெனச்சு அழுதேன். பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்க."

ரவிசங்கர் முதல் விரலை மடக்கினான். மடக்கியதை மறுபடியும் நிமிர்த்தினான்.

"நெட் சென்டர் நோட்டுல என் பேரும் நேரமும் இருக்கு சார். நானே வந்து காட்டுறேன். எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன்" என்றாள் ஹம்சவேணி. செருப்பை மாட்டிக் கொண்டு அவர்களுக்கு முன்னால் படியிறங்கினாள்.

கீழே ஜீப் பக்கம் ஏட்டு சோணை ஓடி வந்தார்.

"சார், ஆஸ்பத்திரியில இருந்து சொன்னாங்க. வாத்தியார் கண்ணு முழிச்சிட்டாரு. பயமில்லையாம். முழிச்சதும் முதல் கேள்வி, ரவிசங்கர் என்ன பதில் போட்டிருக்கான்னுதானாம். என்ன சார் சொல்லட்டும்?"

மைக்கேல்ராஜ் தொப்பியைச் சரி செய்து கொண்டார்.

"தப்பு என் மேலதான்னு போட்டிருக்கான்னு மட்டும் சொல்லிராதய்யா. மனுஷன் இப்பத்தான் பிழைச்சிருக்காரு."