விடைப்பெட்டி

காலை எட்டே காலுக்கு விடைமணி அடித்ததும் வளர்மனை விடுதியின் நாற்பத்தொரு பிள்ளைகளும் தங்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். பல் தேய்க்க அழுகிற பிள்ளை, இட்லியைப் பாய்க்கு அடியில் ஒளித்துவைக்கிற பிள்ளை என்று எல்லா ரகமும் அங்கே உண்டு. விடைநேரத்துக்கு மட்டும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்டால் அம்மாவோ அப்பாவோ பதில் சொல்வார்கள்.

ஜெசிந்தா அங்கே குடும்ப இணைப்பாளர். ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர்விட்டு ஊர் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்காக உண்டான வேலை இது. பெற்றோர் எங்கே போனாலும் பிள்ளையின் படிப்பு விட்டுப்போகக் கூடாது, பிள்ளை படிப்பதில் பெற்றோர் கையும் விட்டுப்போகக் கூடாது என்பதே அதன் சாரம். ஆட்கள் இப்போது நிலவுக்குப் போகிறார்கள். ஏவுதளம் வந்த பிறகு உடன்குடிக் கடற்கரையில் உப்பளத்துக்குப் போனவர்களைவிட நிலவுக்குப் போனவர்கள் அதிகம்.

அந்த வாரம் ஜெசிந்தாவுக்கு இரண்டு காகிதங்கள் வந்திருந்தன. ஒன்று பாராட்டு மடல். பேச்சியம்மாள் என்ற ஆறு வயதுப் பிள்ளைக்குக் குடும்ப ஈடுபாடு நூற்றுக்கு நூறு. இரண்டரை வருஷமாக அவள் கேட்ட ஒரு கேள்விகூடப் பதிலில்லாமல் போகவில்லை. இன்னொன்று மதிப்பீட்டாளர் வேதமணி கையெழுத்திட்டது. அதே பேச்சியம்மாளுக்கு மொழிவயது மூன்றரை.

"பேருக்குத்தான் பேச்சி. வாயத் தொறக்கவே மாட்டேங்குது. தொறந்தா மழலை," என்றார் வேதமணி. "அடுத்த சோதனையிலயும் இப்படியே இருந்தா பெட்டிய மூடிரணும், ஜெசிந்தா. விதி அப்படி."

"அவங்க அம்மாவோட அவ்வளவு ஒட்டுதலா இருக்கற பிள்ள சார் அது."

"அதத்தான் நானும் சொல்லுதேன். எங்கயோ இடிக்குது. என்னன்னு பாருங்க."

பெட்டியை மூடுவது என்றால் என்ன என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். நிலவின் மறுபக்கம் முழுக்க மௌன வலயம். பூமியின் இரைச்சல் எட்டாத அந்தப் பக்கத்தில்தான் வானத்தின் ஆதி ஒலிகளைக் கேட்கும் காதுகளை வயல் வயலாக நட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு கைபேசி சிணுங்கினால்கூட எல்லாம் கெட்டுவிடும். அதனால் அழைப்பு கிடையாது, காணொளி கிடையாது. பெற்றோர் குரலை எந்திரத்தைக் கொண்டு பேசவைப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. புறப்படுவதற்கு முன் பதினோரு நாள் ஓர் அறையில் உட்கார்ந்து, பிள்ளை கேட்கக்கூடிய கேள்விக்கெல்லாம் சொந்த வாயால் பதில் பேசிப் பதிந்துவிட்டுப் போகவேண்டும். அதுதான் விடைப்பெட்டி. அதையும் மூடிவிட்டால் பிள்ளைக்குத் தாயின் குரலே கிடையாது. பதிலுக்கும் விடை என்றுதான் பெயர், பிரிவுக்கும் விடை என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்த அதிகாரி இதை யோசித்துத்தான் வைத்தாரோ என்னவோ.

பெட்டியில் பதில் இல்லாத கேள்விக்கு மஞ்சள் விளக்கு எரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும் பொதிக்கலம் அந்தக் கேள்விகளைப் பிள்ளையின் குரலிலேயே கொண்டுபோகும், அடுத்த கலம் பதிலைக் கொண்டுவரும். பேச்சியின் பொதியில் இதுவரை கேள்வி எதுவும் போனதில்லை. கட்டாயம் அனுப்பவேண்டிய, பிள்ளை தன் வாயால் பேசும் ஒரு நிமிட நல விசாரிப்பு மட்டுந்தான் போயிற்று. மூன்று வயதில் விட்டுப்போன தாய் சண்முகக்கனி இரண்டு வருஷத்தில் வருவதாக இருந்தது. வேலை முடியவில்லை, நாலு வருஷமாக்கிவிட்டார்கள்.

மறுநாள் விடைநேரத்தில் ஜெசிந்தா பேச்சிக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, கோயி ஏன் கத்துது?"

"கோயியா மக்கா?" பெட்டியில் சண்முகக்கனி சிரித்தாள். "கோயி முட்ட போட்டுட்டுல்லா, அத ஊருக்கே சொல்லுது. என் தங்கத்துக்கு அவிச்சுத் தரச் சொல்லுது."

பேச்சி சிரித்தாள். அடுத்து மழை ஏன் பெய்கிறது என்று கேட்டாள். எறும்புக்கு வீடு எது என்று கேட்டாள். எல்லாம் மூன்று வயதுக் கேள்விகள், எல்லாம் மழலை. பிறகு கையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். எடுத்தபின் உதடு மட்டும் அசைந்தது. ஜெசிந்தாவின் காதில் அது தெளிவாக விழுந்தது.

"அந்தப் பக்கம் நின்னு பாத்தா நம்ம ஊரு தெரியுமா?"

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழலையின் சாயல்கூட அதில் இல்லை.

"ஏட்டி பேச்சி, இத ஏன் பெட்டிகிட்ட கேக்கல?"

பிள்ளை கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் முழித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "புதுசா கேட்டா அம்மா பேசமாட்டாவ டீச்சர். மஞ்ச லைட்டு எரியும். அம்மாவுக்குத் தெரியலன்னா அவியளுக்கு வெக்கமா இருக்கும்லா? அதான் தெரிஞ்சத மட்டும் கேக்கேன்."

"கோயின்னு ஏன் சொல்லுத? ஒனக்குத்தான் கோழின்னு வருதே."

"அம்மா கோயின்னுதான் சொல்லுதாவ."

ஜெசிந்தா எழுந்து போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பாராட்டு மடலைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. தாயிடம் பதில் இருக்கும் வயதிலேயே நின்றுவிட்டால் தாய் கூடவே இருப்பாள் என்று ஓர் ஆறு வயதுப் பிள்ளை தானாகக் கணக்குப் போட்டுத் தன் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். நூற்றுக்கு நூறு வாங்கித் தந்தது அந்தக் கணக்குதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பேச்சியை மடியில் இருத்தினாள்.

"மஞ்ச லைட்டுன்னா அம்மாவுக்குத் தெரியலன்னு அர்த்தமில்ல மக்கா. இன்னும் கேக்கலன்னு அர்த்தம். நாம அனுப்புவோம். அம்மா கேட்டுட்டுப் பதில் சொல்லுவாவ."

"நெசமாவா?"

"நெசமா. ஆனா நீ பெரிய பிள்ளையா, தெளிவா கேக்கணும். அப்பதான் அம்மாவுக்குப் பெருமையா இருக்கும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை ஜெசிந்தா பிறகு எத்தனையோ தடவை நினைத்து நினைத்து நொந்துகொண்டாள்.

பத்து நாள் உட்கார்ந்து மூன்று கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் நம் ஊர் தெரியுமா? நீ திரும்பி வரும்போது நான் பெரிய பிள்ளையாகியிருந்தால் என்னைத் தூக்குவாயா? முட்டைக்குள் இருக்கிற கோழிக்குஞ்சுக்கு அம்மாவின் குரல் கேட்குமா? கடற்கரைக்காரர்கள் பாதிப்பேருக்கு ழகரம் வாயில் நுழையாது. பேச்சி அதை உருட்டி உருட்டி அழகாகச் சொன்னாள். மூன்று முறை மஞ்சள் விளக்கு எரிந்தது. பயப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலம் போனபிறகு அந்தப் பிள்ளையை யாராலும் பிடிக்க முடியவில்லை. சமையல்கார ஆத்தாவிடம் கேள்வி, தோட்டத்துக் குழாயிடம் கேள்வி, வேதமணியின் வழுக்கையைப் பற்றிக்கூட ஒரு கேள்வி. எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஆறு மாதத்தில் மொழிவயது ஆறரையைத் தொட்டது. "என்ன மாயம் பண்ணீங்க?" என்றார் வேதமணி. ஜெசிந்தாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பேச்சி தினமும் நாட்காட்டியில் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தாள்.

கலம் வந்த அன்று அவள் தலைக்குக் குளித்து, பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு பெட்டிமுன் உட்கார்ந்தாள். பெற்றோரின் குரலைப் பிள்ளைக்கு முன் வேறு யாரும் கேட்கக்கூடாது என்பது விதி. ஜெசிந்தாவும் அவளோடு சேர்ந்துதான் முதன்முறை கேட்டாள்.

"டீச்சர், வணக்கம். சண்முகக்கனி பேசுதேன்." குரல் இளைத்திருந்தது. "பொதி மாறி வந்துட்டு போல. பேரு என்னமோ என் பிள்ள பேருதான் போட்டிருக்கு. ஆனா குரல் வேற பிள்ள குரல். என் பிள்ளைக்கு ழானா வராது டீச்சர். போன பொதியிலகூடக் கோயின்னுதான் சொல்லிச்சு. அதத்தான் நா தெனமும் போட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

சண்முகக்கனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள்.

"இது யாரு பெத்த பிள்ளையோ, ரொம்ப அழகாக் கேட்டிருக்கு. கேக்கும்போது எனக்கே அழுக வந்துட்டு. ஆனா இதுக்கு அவங்க அம்மாதான் பதில் சொல்லணும், நா சொல்லப்படாது. அந்தத் தாயி இந்தப் பொதிக்காகக் காத்துக் கெடப்பா, அவகிட்ட சேத்துருங்க. என் பேச்சி பொதிய அடுத்த கலத்துல அனுப்பிருங்க டீச்சர். நா எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்."

பெட்டி நின்றது.

பேச்சி அழவில்லை. அழுதிருந்தால் ஜெசிந்தா அள்ளியெடுத்து அணைத்திருப்பாள். பிள்ளை பெட்டியைப் பார்த்தாள், ஜெசிந்தாவைப் பார்த்தாள். தான் செய்த தப்பு என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டதுபோல் இருந்தது.

"டீச்சர், நா வேற மாதிரி கேக்கட்டா?"

வேண்டாம் மக்கா என்று சொல்ல வேண்டும். நீ வளர்ந்துவிட்டாய், அம்மாவுக்குத்தான் அது தெரியவில்லை என்று எடுத்துச்சொல்ல வேண்டும். ஜெசிந்தாவின் வேலையே அதுதான். ஆனால் அவள் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

பேச்சி உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தாள். ஆறு மாதமாக அவள் அந்தக் குரலில் பேசியதே இல்லை. கண்ணை மூடி, நாக்கை மடித்து, அதைத் தேடி எடுத்தாள்.

"அம்மா, அந்தப் பக்கம் நின்னு பாத்தா நம்ம ஊயு தெயியுமா?"

மஞ்சள் விளக்கு எரிந்தது.

"நா பெயிய பிள்ளையானா என்னத் தூக்குவியா?"

மூன்றாவது கேள்விக்கு வரும்போது ஒரே ஒரு தடவை தவறிக் கோழி என்று வந்துவிட்டது. பேச்சி பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத அழிச்சிருங்க டீச்சர்," என்றாள்.

ஜெசிந்தா அழித்துக் கொடுத்தாள்.