பனிக்குடிசைக் கதவு

மலாயாவின் சிகாமட் ரயிலடியிலிருந்து பயாஸ்கோப் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு சதாசிவம் அந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வெறும் தூறல்தான். ஒரு மாலை படம் காட்டிவிட்டு மறுநாளே கிளம்புவதாக ஏற்பாடு. மார்கழி மாதத்து ஜொகூர் மழை யாருடைய ஏற்பாட்டையும் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. அன்றிரவே ஆறு கரை புரண்டது. பாதை தண்ணீருக்குள் போயிற்று. சம்பான் படகுக்காரன்கூட ஆற்றில் இறங்க மாட்டேன் என்றுவிட்டான்.

அது ஊமைப்படக் காலம். கூட வந்த கையாள் காளியப்பன் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுவான். சதாசிவம் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுவார். நடுநடுவே வரும் ஆங்கில எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. வாய் இருக்கும்போது எழுத்து எதற்கு?

கையில் இருந்தது ஒரே படம்தான். பனி மூடிய மலையில் ஒரு குடிசை. வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக இருக்கிறார்கள். விறகு தேடிப் போனவன் பனிப்புயலில் சிக்கிக்கொள்கிறான். தனிமையில் புத்தி பேதலித்த பெண்டாட்டி, கதவு தட்டும் சத்தம் கேட்டுத் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். பயத்தில் திறக்காமல் நின்றுவிடுகிறாள். விடிந்து பார்த்தால் அவன் வாசலில் விறைத்துக் கிடக்கிறான்.

ரப்பர் ஷீட் அடுக்கும் கொட்டகையில் வேட்டி கட்டித் திரையாக்கினார்கள். புகைபோட்ட ரப்பர் வாடையும் கார்பைடு விளக்கின் நாற்றமும் மூக்கை அடைத்தன. பனியைக் கண்டிராத ஜனம் அது. "என்னங்க அது, பஞ்சா?" என்று ஒருவர் கேட்டார். "ஐஸ் கட்டிய அரைச்சுத் தூவினாப்புல" என்று தானும் கண்டிராத பனியைச் சதாசிவம் விளக்கினார். எல்லாரும் சிரித்தார்கள்.

வாசலில் அவன் விறைத்துக் கிடக்கும் காட்சி வந்ததும் சிரிப்பு நின்றது.

ஒருவரும் கைதட்டவில்லை. எல்லாரும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் அவளே சதாசிவத்துக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். கருப்பாயி என்று பேர். பால் மரம் சீவும் பெண்; நாற்பது வயதுகூட இருக்காது. முகம் மட்டும் மூத்துப் போயிருந்தது.

"அண்ணே, அந்தப் பொம்பளயத் திறக்கச் சொல்ல முடியாதா?"

"அது படம்மா. முன்னாடியே புடிச்சது. நான் சொல்லி அவ கேப்பாளா?"

அவள் கஞ்சிப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"போன மழைக்கு எங்க வீட்டுக்காரரு குளிர்க்காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தாரு. வீட்டு நெனப்புல எந்திரிச்சு நடந்தே வந்துட்டாரு போல. எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரி வாசல்ல பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. எங்க ஊர்ல சொல்லுவாங்க, ராத்திரியில பேரக் கேட்டா மூணாந் தடவைக்குத்தான் ஏன்னு கேக்கணும்னு. பேய்க்கு மூணாந் தடவ கூப்பிட வராதாம். ரெண்டு தடவ கேட்டுச்சு. தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்புறம்?"

"மூணாவது கூப்பிட அவருக்குத் தெம்பு இல்ல."

சதாசிவம் கஞ்சியைக் கீழே வைத்தார். எத்தனையோ ஊரில் எத்தனையோ பொய்க்கதை சொல்லி ஜனங்களை அழவைத்த மனிதர். அன்றைக்குப் பாத்திரத்தை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளம் வடிகிற வழியாக இல்லை. வேலையும் இல்லை. தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீடுகளில் அடைந்து கிடந்த ஜனம் மாலையானால் படம் கேட்டது. "வேற என்னத்தப் பாக்கிறது, போடுங்க" என்றார் கங்காணி வீரமுத்து. கருப்பாயியும் தவறாமல் வந்தாள். ஒவ்வொரு மாலையும் ஓர் ஆள் உட்காரும் அளவு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

காளியப்பன்தான் முதலில் கவனித்தான்.

"அண்ணே, அந்தத் தாழ்ப்பாள் கட்டம் நீண்டுக்கிட்டே போகுது."

"நீ மெதுவாச் சுத்துற."

"இல்லண்ணே. கை ஒரே மாதிரிதான் சுத்துது. அவதான் ரொம்ப நேரம் நிக்கிறா."

சதாசிவம் அவனைத் திட்டினார். ஆனால் அன்று மாலை அவரும் கவனித்தார். தாழ்ப்பாளில் கை வைத்தவள் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அவருக்குச் சொல்வதற்குக் கதை தீர்ந்துபோயிற்று. கொட்டகைக்குள் குளிர் ஏறியது. மழைக்குளிர் அல்ல. முன்வரிசைக் குழந்தைகளின் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வந்தது.

மறுநாள் மாலை மழை ஓய்ந்திருந்தது. தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கடைசிக் காட்சி என்று கூட்டம் நெருக்கியடித்தது.

கருப்பாயி திரைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள்.

புயல் வந்தது. விறகு தேடிப் போனவன் தள்ளாடி வந்தான். கதவைத் தட்டினான். உள்ளே அவள் எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

நின்றாள்.

வெளியே தவளைச் சத்தம் அடங்கிப் போயிருந்தது.

"அண்ணே" என்றாள் கருப்பாயி மெதுவாக. "சொல்லுங்கண்ணே."

சதாசிவம் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்வதே அவருடைய தொழில். ஒரு நல்ல பொய் சொல்லக் கூடாதா என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான குரலில் சொன்னார்:

"பயம் போச்சு. அவள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள்."

திரையில் அந்தக் கை நகர்ந்தது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. வாசலில் ஆள் இல்லை. வெள்ளை வெளேரென்று பனி மட்டும் உள்ளே கொட்டியது.

"அண்ணே" என்று காளியப்பனின் குரல் பின்னாலிருந்து நடுங்கியது. "நான் சுத்தல. கைய எடுத்து ரொம்ப நேரமாச்சு."

அப்போது கொட்டகைக்கு வெளியே, மிகப் பக்கத்தில், மூச்சு வாங்கும் ஓர் ஆண்குரல் கூப்பிட்டது.

"கருப்பாயி."

அத்தனை பேருக்கும் கேட்டது. வீரமுத்துவின் வாயிலிருந்து "ஐயாசாமி..." என்று இறந்தவனின் பேர் தன்னையறியாமல் வந்தது.

"இந்தா வந்துட்டேன்" என்று எழுந்தாள் கருப்பாயி. ஓடவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். கதவைத் திறந்து, "நனைஞ்சிட்டீங்களா? வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று வெளியிருட்டில் சொன்னாள். விளக்கு அணைந்தது. அவளைத் தேடிப் போக அன்று ஒருவருக்கும் கால் வரவில்லை.

விடிந்தபோது பாதை தலைகாட்டியிருந்தது; வண்டி பூட்டினார்கள். சதாசிவம் மட்டும் லயத்துக்கு நடந்தார். சொன்னது தன் வாய், போய்ப் பார்க்காமல் கிளம்ப மனசு ஒப்பவில்லை.

கருப்பாயி வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அவள் பாயோரம் குந்தியிருந்தாள். உயிரோடுதான் இருந்தாள். சேலைகள், கோணிச் சாக்கு, பழைய கம்பளி என்று வீட்டில் இருந்த துணியெல்லாம் பாய்மேல் குவிந்திருந்தது. அவள் உடம்பில் கட்டிய சேலையைத் தவிர அங்கே வேறு எதுவும் மிச்சமில்லை.

"சத்தம் போடாதீங்கண்ணே. இப்பத்தான் படுத்தாரு."

"கருப்பாயி, அங்க யாரும்மா இருக்கா?"

"வந்ததுலேருந்து குளிருது குளிருதுங்கறாரு" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எல்லாத்தையும் போத்திட்டேன். இன்னும் அடங்கல. இனி நான் என்ன செய்வேன்?"

பித்துப் பிடித்துவிட்டது என்று சதாசிவம் நினைத்தார். பாவம் என்று நினைத்தார். வேறு ஆறுதல் சொல்லத் தெரியாமல், தன் கோட்டைக் கழற்றி அந்தத் துணிக்குவியலின்மேல் போர்த்தினார்.

அவர் கைக்குக் கீழே குவியல் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.