காணாமல் போன செல்லோ

"மோசம் போயிட்டோம்மா!" என்று மூச்சிரைக்க வந்து நின்றார் இசைக்குழுவின் தலைவர். அந்த ஆண்டின் தொடக்கக் கச்சேரி. அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. தனியாக வாசிக்க வேண்டிய பெண்ணின், பெரிய வயலின் போன்ற செல்லோவைக் காணவில்லை.

டிக்கெட்டும் கையுமாக நின்ற துப்பறியும் அண்ணி பதறவில்லை. அவளுடைய நாத்தனாருக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு வழக்கிலும் முந்திக்கொண்டு தப்பான ஆளைக் கைகாட்டுவது அவள் வழக்கம்.

"வாங்க அண்ணி!" என்று மேடைக்குப் பின்னால் இருந்த நடைவழியில் ஓடியவள், அங்கே நின்ற ஆளுயர வாத்தியப் பெட்டியில் மோதி முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி அசையவில்லை. அதற்குரிய வாத்தியம் மேடையில் இருந்தது.

ஒப்பனை அறையில் அந்தப் பெண் அழுது முடித்திருந்தாள். "ஒத்திகை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ஒரு தந்தி அறுந்துச்சு. நானே புதுசு மாட்டிட்டு முகம் கழுவப் போனேன். வந்து பாத்தா காணோம்."

"தந்தி விஷயம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் அண்ணி.

"யார்கிட்டயும் சொல்லலீங்க."

அப்போது குழுவின் மூத்த செல்லோக்காரர் உள்ளே வந்தார். "ஒத்திகை முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிட்டேன், இப்பதான் வரேன். பாவம், புதுத் தந்தி மாட்டியும் குடுத்து வைக்கல. வேணும்னா நான் வாசிக்கட்டுமா?"

"பெரிய மனசு!" என்று உருகினாள் நாத்தனார்.

அண்ணி அவரையே பார்த்தாள். "வீட்டுக்குப் போனவருக்குப் புதுத் தந்தி எப்படிங்க தெரிஞ்சது?"

அவர் கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கினார்.

"செல்லோவைத் தூக்கிட்டு வாசலைத் தாண்டினா காவலாளி பாத்திருப்பார். அது இங்கேதான் இருக்கு." அண்ணி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "காலிப் பெட்டியில இடிச்சா அது நகரணும். உன் முழங்கால்தான் வீங்கிச்சு."

அடுத்த கணம் நாத்தனார் நொண்டிக்கொண்டே ஓடிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே, ஒரு கீறலும் இல்லாமல் செல்லோ.

"தனியா வாசிக்க இருபது வருஷமாக் காத்திருந்தேன்," என்றார் மூத்தவர், தலை குனிந்தபடி.

"அதை அப்புறம் பேசுவோம். மேடைக்கு நீங்க வர வேண்டாம்," என்றார் கூடவே வந்திருந்த தலைவர்.

திரை விலகியது. அழுத கண் காயுமுன்னே அந்தப் பெண் வில்லை எடுத்தாள். முதல் இழுப்பிலேயே கூட்டத்தில் இருமல்கூட அடங்கிப்போனது. கடைசி நாதம் ஓய்ந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. நாத்தனார் கை வலிக்கத் தட்டினாள்.

பக்கத்திலிருந்து காதைக் கிழிக்கும் ஒரு சீட்டி. திடுக்கிட்டுத் திரும்பினாள். எதற்கும் அசையாத அண்ணி, இரண்டு விரலை வாயில் வைத்திருந்தாள்.