தீவுக்காக நின்ற லைன்

வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையோரம் ஓர் ஏரி. ஏரிக்குள் நாலு கருவேல மரமும் கொஞ்சம் கோரைப்புல்லும் முளைத்த ஒரு மண்மேடு. ஊரில் எல்லாரும் அதைத் திட்டு என்பார்கள். ஐந்தாம் வகுப்பு சுவாதிக்கு மட்டும் அது தீவு. சுற்றிலும் தண்ணீர் இருந்தால் தீவு என்று பாடப்புத்தகமே சொல்கிறதே, அப்புறம் என்ன?

அந்தத் தீவின் ஓரத்தில் ஒரு முக்குளிப்பான் ஜோடி கூடு கட்டியிருந்தது. கூடு தண்ணீரிலேயே மிதக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குட்டிப் பறவை முங்கிக் காணாமல் போகும். நாம் நினைக்காத இடத்தில் தலையை நீட்டும். சுவாதிக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். காலையில் பல் துலக்குவதே ஏரிக்கரையில்தான்.

கம்பெனி பஸ் நிற்பதும் அந்தக் கரையில்தான். தெருவில் வாடகைக்கு இருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் அரக்கப்பரக்க ஓடி வருவார்கள். ஒரு கையில் அடையாள அட்டை, மறு கையில் குப்பைப் பை. அட்டை கழுத்துக்குப் போகும், பை ஏரிக்குப் போகும்.

சுவாதி வீட்டுப் பையும் அப்படித்தான் போனது. மாடி அறையில் குடியிருக்கும் தங்கமாரி அக்கா, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனி வேலைக்கு வந்தவள். "போற வழிதானே" என்று அம்மா அவளிடம் பையைக் கொடுத்துவிடுவாள்.

ஒருநாள் காலை காற்று பலமாக அடித்தது. மிதந்த பைகள் எல்லாம் தீவுப் பக்கம் போயின. ஒரு பெரிய பை கூட்டில் இடித்தது. கூடு சாய்ந்து, முட்டைகள் ஓரத்துக்கு உருண்டன. தாய்ப்பறவை பதறிப்போய்ப் புல்லை இழுத்து இழுத்து முட்டு கொடுத்தது.

இடித்த பையிலிருந்து ரோஸ் நிற டப்பா மூடி ஒன்று எட்டிப் பார்த்தது. சுவாதியின் உடைந்த டிபன் டப்பா மூடி! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா, இன்னொரு பை இடிச்சா முட்டையெல்லாம் தண்ணியில பூடும்மா!"

"நான் இன்னாடி பண்றது?" என்றாள் அம்மா ஜெயம். "குப்பை டிராக்டர் மெயின் ரோட்டோட பூடுது. நம்ம சந்துக்குள்ள வர்றதே இல்ல. குப்பைய வூட்லயா அடுக்கி வெச்சிக்கிறது?"

அம்மா சொன்னதும் நியாயம்தான்.

சாயங்காலம் சுவாதி தங்கமாரியிடம் சொன்னாள். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, நானா இடிச்சேன்! இனிமே போட மாட்டேம்மா. ஆனா எல்லாரும்லா போடுதாவ?"

"நில்லுங்கன்னு சொன்னா நிக்க மாட்டாங்களாக்கா?"

"பஸ்ஸு வார நேரத்துல யாரு நிப்பா? செவப்பு லைட்டு எரிஞ்சாத்தான் நாங்க நிப்போம்" என்று சிரித்தாள் தங்கமாரி.

"அது இன்னா லைட்டு?"

"கம்பெனில வரிசையா நின்னு போன் பூட்டுவோம்லா, அந்த லைன்ல ஒரு தப்பு கண்ணுல பட்டா, நேத்து சேந்த புள்ளகூட பட்டனை அமுக்கலாம். செவப்பு லைட்டு எரியும். லைன் நின்னுரும். யாரும் வைய மாட்டாவ. 'என்ன பிரச்சினை? எங்க இருக்கு?'ன்னு மட்டுந்தான் கேப்பாவ."

சுவாதி குழாயடியில் இருந்த சிவப்பு வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மெயின் ரோட்டில் நின்று குப்பை டிராக்டரைக் கை காட்டி நிறுத்தினாள். ஓட்டுநர் ராஜாமணி எட்டிப் பார்த்தார்.

"கோணியில கட்டி ரோட்டோரம் வெச்சா எடுத்துக்குவீங்களா மாமா?"

"பேஷா எடுத்துக்கிறேன். சந்துலதாம்மா வண்டி திரும்பாது" என்றார் அவர்.

அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காலி அரிசிக் கோணிகளை வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை. கரையில் ஒரு கம்பு. கம்பின் உச்சியில் கவிழ்த்த சிவப்பு வாளி. வாளியில் சுண்ணாம்பால் 'லைன் ஸ்டாப்' என்று எழுதியிருந்தது.

முதலில் ஓடி வந்தவன் தங்கமாரியோடு வேலை பார்க்கும் மகாராஜா. பேருக்கு ஏற்ற மாதிரி அவன் குப்பைப் பையும் பெரிசு. வீசுவதற்குக் கையை ஓங்கியவன் வாளியைப் பார்த்தான். கை அப்படியே நின்றது.

"என்ன பிரச்சினை? எங்க இருக்கு?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

பின்னால் வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆனாலும் நின்றார்கள்.

"அதோ, தீவாண்ட பாருண்ணா. கூட்டுல முட்டை கீது. பை இடிச்சா உருண்டுடும்" என்று சுவாதி கை நீட்டினாள்.

"அது கூடா? நான் அழுகுன புல்லுன்னுலா நெனச்சேன்!" மகாராஜா கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "சரி, இதை எங்க போட?"

"தோ, கோணி. டிராக்டர் மாமாகிட்ட பேசிட்டேன்."

"பேசியாச்சா! சரிங்க, சூப்பர்வைசரம்மா" என்று அவன் சலாம் வைத்துவிட்டுப் பையைக் கோணியில் போட்டான். மற்றவர்களும் போட்டார்கள்.

எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஒருவன் நைசாக ஏரியில் வீசினான். "ரீவொர்க்! ரீவொர்க்!" என்று கூட்டமே கத்தியது. தப்பாகச் செய்ததைத் திரும்பச் சரியாகச் செய்வதற்குக் கம்பெனியில் அதுதான் பேர். பாவம், அவன் நீளக் குச்சியால் தன் பையைத் தானே இழுத்தெடுக்க வேண்டியதாயிற்று. பஸ்ஸில் கடைசியாக ஏறியதும் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகாராஜாவும் கூட்டாளிகளும் லுங்கியை மடித்துக் கட்டி இறங்கி, பழைய பைகளைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகக் கூடாது என்பது சூப்பர்வைசரம்மா உத்தரவு.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை. பஸ் வந்து நின்றும் ஒருவர்கூட ஏறவில்லை. டிரைவர் நடேசன் ஹாரனை அழுத்தினார். யாரும் திரும்பவில்லை. எரிச்சலோடு இறங்கி வந்தார்.

"இன்னா பாப்பா, எதுக்கு எல்லாரையும் நிறுத்தி வெச்சிக்கினு கீற?"

சுவாதி வாயில் விரலை வைத்துவிட்டு ஏரியைக் காட்டினாள்.

தாய் முக்குளிப்பான் நீந்தி வந்துகொண்டிருந்தது. அதன் முதுகில், இறகுகளுக்கு நடுவே, கோடு போட்ட குட்டித் தலைகள். ஒரு குஞ்சு வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. தங்கமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குஞ்சு தத்தளித்து, மறுபடியும் அம்மா முதுகில் ஏறிக்கொண்டது. எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது.

சாலையில் இன்னொரு கம்பெனி பஸ் வந்து பின்னால் நின்று ஹாரன் அடித்தது.

நடேசன் ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் உயர்த்தினார்.

"இருய்யா! லைன் நின்னுகினு கீது!"